பதினேழாம் துளையின் கல்

பெட்டியக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்றைப் புரிந்துகொண்டாள். யுரேனியம் தேடும் முகாமில் யாரும் யுரேனியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள், டீசல் லாரி இன்னும் வரவில்லையே என்று பேசுகிறார்கள்.

முகாம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, அலுவலகமென்று சொல்லிக்கொண்ட இரண்டு அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. எதிரே முள்புதர் மண்டிய மேட்டில் இரண்டு ரிக் நிற்கும். ரிக் என்பது தரையைத் துளைக்கிற இயந்திரம். அதன் குழாய் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் பாறை கைப்பிடி கனத்தில் உருளை உருளையாகக் குழாய்க்குள் ஏறி வரும். அதற்குக் கோர் என்று பெயர். அந்த உருளைகளை வந்த வரிசை மாறாமல் நீள மரப்பெட்டிகளில் அடுக்குவார்கள். பெட்டியின் நெற்றியில் துளையின் எண்ணும் பெட்டியின் எண்ணும் இருக்கும். இடையிடையே ஆழத்தை எழுதிய சின்ன மரத்துண்டு ஒன்றைச் செருகுவார்கள். பெட்டிகள் லாரியேறிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிறகு கழுவுவது, அடுக்குவது, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. அந்த ஆளுக்குத்தான் பெட்டியக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் அங்கே வந்தது ஒரு விபத்தினால். அவளுடைய கணவன் ரிக்கில் உதவியாளாக இருந்தவன். ஒரு நாள் காலை, குழாயை மேலே இழுக்கும் சங்கிலியில் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று. கட்டைவிரல் மடங்காமல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த அதிகாரி, "என்ன உதவி வேணும், சொல்லுங்க" என்று கேட்டபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் வேணாம்" என்றான்.

"எனக்கு வேணும்" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி. "எனக்கு ஒரு வேலை வேணும்."

அதற்கு முன்பு பதினோரு வருஷம் அவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டியவள். கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கும்போது தோளில் கட்டமும் கையில் கட்டமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வாடிக்கையாளர் சட்டையை முகத்தில் எறிவார். அந்தக் கண் அவளோடு கொட்டகைக்கும் வந்தது. குழாயிலிருந்து எடுக்கும்போது கோர் துண்டு துண்டாக உடையும். மற்றவர்கள் துண்டுகளைப் பெட்டியில் நிரப்புவார்கள், அவ்வளவுதான். இவள் ஒவ்வொரு துண்டையும் கழுவி, உருட்டி, உடைந்த முகம் அடுத்த துண்டின் முகத்தோடு கச்சிதமாகக் கவ்வும்வரை திருப்பிப் பார்த்துத்தான் வைப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. அப்படி வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

முகாமின் தலைமை நிலவியலாளரை எல்லோரும் கல்லுசார் என்பார்கள். ஐம்பது தாண்டியவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கல்லைப் பற்றித்தான் பேசுவார். ஒரு நாள் பெட்டியக்கா அவரிடம் கேட்டாள்: "சார், இந்த வெள்ளைக் கல்லு வந்தா மட்டும் ஏன் எல்லாரும் ஓடி வர்றீங்க? வரி வரியா இருக்கிற சாம்பல் கல்லு என்ன பாவம் பண்ணுச்சு?"

கல்லுசார் சிரித்துவிட்டார். "வரிக்கல்லு இங்க பழைய குடித்தனக்காரன். வெள்ளைக்கல்லு பின்னால வந்தவன். அடியில ரொம்ப ஆழத்துல பாறை உருகிக் குழம்பாகி, வரிக்கல்லுல எங்கெல்லாம் விரிசல் இருந்துச்சோ அங்கெல்லாம் புகுந்து மேல ஏறியிருக்கு. ஏறி, மெதுவா ஆறி, உறைஞ்சு போச்சு."

"சரி, அதுக்குள்ள எப்படி யுரேனியம்?"

"குழம்பு ஆறும்போது ஒவ்வொரு தாதுவா உறையும். பஸ்ல சீட்டு புடிக்கிற மாதிரி. யுரேனியத்துக்கு எந்த சீட்டும் பொருந்தாது. அது நின்னுக்கிட்டே வரும். கடைசி ஸ்டாப்புல, மிச்சமிருக்கிற கொஞ்சம் குழம்புல, எல்லாம் சேர்ந்து இறங்கும். அந்தக் கடைசிக் குழம்புதான் இந்த வெள்ளைக்கல்லு."

அன்றிலிருந்து பெட்டியக்காவுக்கு வெள்ளைக்கல்லின் மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. பெரிய பெரிய மணிகளாக, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும் அது. யுரேனியம் அதிகமுள்ள இடத்தில் கண்ணாடி போன்ற மணிகள் புகை பிடித்ததுபோல் கறுத்திருக்கும். யுரேனியத்தின் கதிர் பல காலம் பட்டுப் பட்டுக் கறுத்தவை அவை என்று கல்லுசார் சொன்னார்.

கதிரை அளக்கும் கருவிக்கு முகாமில் குருவி என்று பெயர். கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் டிக் டிக்கென்று கத்தும். சாம்பல் கல்லில் சோம்பேறித்தனமாகக் கத்தும், நல்ல வெள்ளைக்கல்லில் மூச்சுவிடாமல் கத்தும்.

இந்தக் குருவியால் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கணவனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். நல்லவள், ஆனால் பயந்த சுபாவம். தம்பி மனைவி கதிர்க்கல்லைத் தொடுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து, வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பாள்.

"அப்படியே நில்லும்மா. கை, கால், முகம். அந்தத் துப்பட்டா உள்ள வரக்கூடாது."

"அண்ணி, அங்க கையுறை இருக்கு, முகமூடி இருக்கு, கொட்டகைக்குள்ள தண்ணிகூடக் குடிக்க விடமாட்டாங்க. வெளிய வந்து குளிச்சு, மாத்துத் துணி கட்டிக்கிட்டுத்தான் வர்றேன்."

"அது அவங்க சட்டம். இது என் வீடு."

கணவனின் கையைப் பார்க்க ஒருமுறை வீட்டுக்கு வந்த கல்லுசார் இந்தப் பஞ்சாயத்தைக் கேட்டுவிட்டு, ஜீப்பிலிருந்து குருவியை எடுத்து வந்தார். பெட்டியக்காவின் துப்பட்டாவருகே வைத்தார். டிக்... டிக். அண்ணி தினமும் காய் நறுக்கும் சமையல் மேடைக் கல்லில் வைத்தார். டிக்டிக்டிக்கென்று குருவி குஷியானது. அது பளபளப்பாகத் தேய்த்த கிரானைட்.

"பயப்பட ஒண்ணுமில்ல. எல்லா கிரானைட்லயும் கொஞ்சம் இருக்கும்" என்றார் கல்லுசார்.

அண்ணி பயப்படவில்லைதான். ஆனால் ஒரு மாதம் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினாள். வாளியும் வாசலில்தான் இருந்தது.

நான்கு வருஷம் இப்படியே போனது. மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். கணவன் வீட்டிலேயே மின்விசிறி, மோட்டார் பழுது பார்த்தான். இடது கையால் ஸ்க்ரூ திருகக் கற்றுக்கொண்டான். முகாமுக்கு ஒருமுறைகூட வரவில்லை. சம்பள நாளன்று மனைவியை அழைத்துப்போக வந்தால்கூட, சாலை முனையிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்பான். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

முகாமின் நம்பிக்கையெல்லாம் இரண்டு துளைகளின் மேல் இருந்தது. பதினாலாவதும் பதினேழாவதும். இரண்டுக்கும் நடுவே இருநூறு மீட்டர். இரண்டிலும் நல்ல வெள்ளைக்கல். அப்படியென்றால் நடுவிலும் அது ஒரே பாயாக விரிந்து கிடக்கும் என்று கணக்கிட்டுக் கல்லுசார் ஒரு படம் வரைந்திருந்தார். அலுவலகச் சுவரில் இளஞ்சிவப்பு வண்ணத்தில் அந்தப் பாய் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் தலைமையகம் இன்னும் நாற்பது துளை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முடிவெடுக்க ஒரு திங்கட்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு கொட்டகையில் ஒரு அலமாரி சாய்ந்தது. கரையான் அரித்த கால். அறுபது பெட்டிகள் சரிந்து கல்லெல்லாம் தரையில். நல்லவேளை, ஆள் யாரும் கீழே இல்லை.

"போச்சு" என்றார் துளை மேஸ்திரி, ரிக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பருத்த மனிதர். "இதை அடுக்குறதுக்குப் புதுசா துளையே போட்டுடலாம்."

"நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் பெட்டியக்கா.

ஒன்பது நாள் அவள் தரையில் மண்டியிட்டுக் கிடந்தாள். விழுந்தவற்றில் பாதி, அவள் சேருவதற்கு முன்பே வந்த பழைய பெட்டிகள். அவற்றை அவள் கழுவியதுமில்லை, பொருத்திப் பார்த்ததுமில்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒவ்வொரு துண்டாக உருட்டிக் கவ்வவைத்துக்கொண்டு போனாள். பதினேழாவது துளை தொண்ணூற்றாறு மீட்டர்வரை ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த பெட்டியின் முதல் துண்டு கவ்வவில்லை. திருப்பினாள். தலைகீழாக வைத்தாள். ம்ஹூம். மேலே சாம்பல் வரிக்கல் நேராக உடைந்திருந்தது. கீழே வெள்ளைக்கல் சாய்வாக, நடுவில் ஒரு பல்லோடு உடைந்திருந்தது. இடையில் ஏதோ தொலைந்திருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பதினாலாவது துளையை அடுக்கினாள். அதில் தொண்ணூற்றாறு முதல் நூற்றெட்டு மீட்டர்வரை கல்லே இல்லை. பழைய பதிவேட்டில், 'நொறுங்கிய பகுதி, கோர் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். தொண்ணூற்றாறாவது மீட்டரின் கடைசித் துண்டைக் கையில் எடுத்தபோது அவளுக்குத் திக்கென்றது. சாய்வான முகம். நடுவில் ஒரு பல்லுக்கு இடம்விட்ட குழி.

எழுந்துபோய்ப் பதினேழின் அந்தத் துண்டை எடுத்து வந்து வைத்தாள். கிழிந்த காகிதத்தின் இரண்டு பாதிபோல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில் முடி நுழைய இடமில்லை. மறுமுனையையும் பார்த்தாள். அதுவும் பதினாலின் நூற்றெட்டாவது மீட்டரோடு சேர்ந்தது.

நான்கு பெட்டிக் கல். பன்னிரண்டு மீட்டர் நல்ல வெள்ளைக்கல். அது பதினேழாம் துளையின் கல்லே இல்லை. அப்படியானால் பதினேழில் ஒன்றுமே இல்லை. சுவரில் தொங்கும் பாய் வெறும் வண்ணம்.

பெட்டிகளின் நெற்றியைப் பார்த்தாள். பதினேழு என்று எழுதியிருந்தது. ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. அப்படி ஏழு எழுதுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அன்று சாயங்காலம், மின்விசிறியின் உள்ளுறுப்புகளைப் பரப்பி உட்கார்ந்திருந்த கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, பதினேழாவது துளையில நீங்கதானே பெட்டிக்கு நம்பர் எழுதுனது?"

அவன் கை நின்றது. "இப்ப எதுக்கு அது?"

அவள் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்க்ரூவைத் தட்டில் போட்டான். பிறகு, "காலி பெட்டிக்கு முன்னாடியே நம்பர் எழுதி வச்சுடுவேன்" என்றான். "எழுதக்கூடாதுன்னு சட்டம். கல்லு விழுந்த பிறகுதான் எழுதணும். ஆனா மழை வந்தா மை நிக்காது, அதான் முந்தின நாளே நாலஞ்சு பெட்டி எழுதி அடுக்கி வச்சிருப்பேன். அன்னைக்கும் வச்சிருந்தேன். அப்புறம்தான் கை..."

அதற்குப் பிறகு நடந்தது அவனுக்கும் தெரியாது, ஆனால் யூகிக்கக் கஷ்டமில்லை. விபத்தோடு பதினேழாவது துளை நின்றுபோனது. பக்கத்துத் துளைக்காரர்களுக்குப் பெட்டி பற்றாமல் போயிருக்கும். சும்மா கிடந்த காலிப் பெட்டிகளை எடுத்துக் கல்லை அடுக்கியிருப்பார்கள். நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் களேபரத்தில் யார் பார்த்தார்கள்? ஆழம் எழுதிய மரத்துண்டில் துளையின் எண் கிடையாது. இரண்டு துளையும் அப்போது ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருந்தன.

"நாலு வருஷமா யாருக்கும் தெரியல" என்றான் கணவன். "இப்பத் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்? முப்பது பேர் வேலை பாக்குறாங்க. உன் வேலையும் சேர்த்துத்தான். கை போனவன் கம்பெனியையும் கவுத்துட்டுப் போனான்னு சொல்லுவாங்க."

"நான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாத."

அவள் சொல்லவில்லை. ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. அண்ணிக்கு விஷயம் புரியாமல், "வாளித் தண்ணிக்காகவா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். கொட்டகையில் பெட்டியக்கா அந்த நான்கு பெட்டிகளைப் பதினேழின் அலமாரியிலும் வைக்க முடியாமல், பதினாலிலும் வைக்க முடியாமல் தரையிலேயே விட்டிருந்தாள். அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு இருக்கும். கொட்டகை வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கணவன். நான்கு வருஷத்தில் முதல்முறை. மேட்டிலிருந்து ரிக்கின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அவன் முகம் வெளிறியிருந்தது.

"எங்க இருக்கு, காட்டு" என்றான்.

அவள் கையுறை கொடுத்தாள். வலது கைக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு விரல் காலியாகத் தொங்கியது. அவன் தரையில் குந்தி, இடது கையால் ஒரு துண்டைப் பிடித்து, மற்றதை வலது உள்ளங்கையால் மெல்லத் தள்ளினான். கவ்வியது. இழுத்துவிட்டு மறுபடி தள்ளினான். மறுபடியும் கவ்வியது.

"என் எழுத்துதான்" என்றான், பெட்டியின் நெற்றியைத் தடவி. "ரெண்டு நாளா யோசிச்சேன். இதை நம்பி நாற்பது துளை போடுவாங்க. ஒவ்வொரு துளையிலயும் ஒருத்தன் சங்கிலிக்குப் பக்கத்துல நிக்கணும். இல்லாத கல்லுக்காக." எழுந்து நின்றான். "சார் இருக்காரா? நானே சொல்லிடறேன். நீ சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

கல்லுசார் முழுவதையும் கேட்டார். பிறகு பழைய பீரோவிலிருந்து ஒரு நீளக் காகிதச் சுருளை எடுத்தார். துளை போட்டு முடித்ததும் கதிர் அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் என்று அது கோடு கோடாக வரையும். பதினாலாம் துளைக்கு அந்தச் சுருள் இருந்தது. பதினேழுக்கு இல்லை. விபத்துக்குப் பின் துளை சரிந்து மூடிக்கொண்டதால் கருவியை இறக்கவே முடியவில்லை.

"குருவிய எடுத்துட்டு வாங்க. நீங்க அளந்து சொல்லுங்க, நான் இதுல பாக்குறேன்."

பெட்டியக்கா அந்த நான்கு பெட்டிக் கல்லின் மேல் ஒரு சாண் ஒரு சாணாகக் குருவியை நகர்த்தி எண்ணைப் படித்தாள். கல்லுசார் சுருளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். குருவி எங்கே ஏறியதோ அங்கே சுருளின் கோடும் ஏறியது. எங்கே இறங்கியதோ அங்கே இறங்கியது. பன்னிரண்டு மீட்டருக்கும் அப்படியே.

கல்லுசார் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியருகில் கொஞ்ச நேரம் நின்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர் கணவனைப் பார்த்து, "கை இப்ப எப்படி இருக்கு? வலி இருக்கா?" என்று கேட்டார்.

"குளிருக்குக் கொஞ்சம் இழுக்கும், சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தலைமையகத்து ஆட்கள் வந்தார்கள். பெட்டியக்கா துண்டுகளைப் பொருத்திக் காட்டினாள். வந்தவர்களில் ஒருவர் எரிச்சலோடு, "இந்தத் தப்புக்கு யார் பொறுப்பு?" என்றார்.

"நான்தான்" என்றார் கல்லுசார். "கருவி இறக்காத துளைன்னு தெரிஞ்சும் அதை நம்பினேன். ரெண்டு புள்ளிய வச்சுக் கோடு போட்டது நான். பெட்டி மாறுறது எங்கேயும் நடக்கும். படம் வரையறவன் சந்தேகப்பட்டிருக்கணும்."

அவருடைய அறிக்கையில் கணவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உறுதிப்படுத்த, பதினேழுக்குப் பக்கத்திலேயே ஒரு புதுத் துளை போட்டார்கள். நூற்றைம்பது மீட்டர் முழுக்கச் சாம்பல் வரிக்கல். நடுவில் ஒரே ஒரு இடத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளைக்கல். துளை மேஸ்திரி அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வரலன்னு மோதிரத்தை மட்டும் அனுப்பிச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த மாதம் ஒரு ரிக் வேறு ஊருக்குப் போனது. ஒன்பது பேர் அதோடு போனார்கள், அவரும்தான்.

போகிறபோது சிலர் பெட்டியக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் என்று அவள் காதுபடவே ஒருவன் சொன்னான். அவளுக்கு அது வலித்தது. இரண்டு மூன்று வாரம் கொட்டகையில் தனியாகப் பேசிக்கொண்டு வேலை செய்தாள். மேஸ்திரி மட்டும் லாரியில் ஏறும்முன் வந்து, "ஒழுங்கா இருக்கணும்மா கல்லு. நாம எங்க வேணா பொழைச்சுக்கலாம்" என்றார்.

மிஞ்சிய ரிக் பதினாலைச் சுற்றி ஒன்றரை வருஷம் துளைத்தது. அங்கே வெள்ளைக்கல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் பாய்போல் விரியாமல், பூமிக்குள் குத்திய கத்திபோல் செங்குத்தாகக் குறுகலாக இறங்கியது. சுரங்கம் தோண்டக் கட்டுப்படியாகாது என்று முடிவாகி, கம்பெனி முகாமை மூடியது. அந்த ஒன்றரை வருஷமும் கணவன் வாரத்தில் மூன்று நாள் முகாமுக்கு வந்தான். புதுப்பெட்டிகள் செய்து தந்தான். ஆழத்தை எழுதும் மரத்துண்டுகளில் துளையின் எண்ணையும் எழுத வேண்டும் என்று அவன் சொன்னதைக் கல்லுசார் விதியாகவே போட்டுவிட்டார். ரிக்கின் பக்கம் மட்டும் அவன் கடைசிவரை போகவில்லை.

கல்லெல்லாம் நகரத்திலிருந்த அரசாங்கக் கல் கிடங்குக்குப் போயிற்று. பல கம்பெனிகள் பல காலமாகத் துளைத்துவிட்டுப் போன கோர்களை வைத்திருக்கும் இடம் அது. கல்லுசார் ஓய்வு பெறுவதற்குமுன் கிடங்கின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என்ன எழுதினாரோ தெரியாது. பெட்டியக்காவைக் கூப்பிட்டார்கள், முதலில் தற்காலிகமாக, பிறகு நிரந்தரமாக. அவளும் கணவனும் அண்ணியும் நகரத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார்கள். கணவனுக்குப் பக்கத்துத் தெருவில் மோட்டார் கடையில் இடம் கிடைத்தது.

முதல் நாள் கிடங்குப் பொறுப்பாளர் அவளை ஒரு மூலைக்கு அழைத்துப்போனார். யாரோ எப்போதோ செம்பு தேடிப் போட்ட துளைகளின் பெட்டிகள், இருநூறுக்கு மேல் இருக்கும். தூசி விரல் கனத்துக்கு. பாதிப் பெட்டிகளில் எழுத்தே அழிந்துவிட்டிருந்தது.

"இதைத் தூக்கிப் போடலாம்னு ஒரு யோசனை இருக்கு" என்றார் அவர். "யாராலயும் வரிசைப்படுத்த முடியல."

பெட்டியக்கா ஒரு பெட்டியைத் திறந்தாள். பச்சை ஓடிய கறுப்புக் கல். அவள் இதுவரை பார்க்காத ரகம். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், பக்கத்துத் துண்டை எடுத்தாள்.

"தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் இருக்கு, சார்?" என்று கேட்டாள்.